பயணத்திலும் பத்தியம் காப்பாள் மாரி!

'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். கரும்பு ஆலை இல்லாத ஊரில் வெல்லத்துக்கு எங்கே போவது? மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலுப்பைப்பூவை எடுத்து வாயில் போட்டால் அதுவே தித்திப்பு! இந்தப் பழமொழியை நாம் பெரும்பாலும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்கிறோம். 'வேறு வழியில்லை, இதை வைத்துச் சமாளி' என்கிற சலிப்பு அதில் இருக்கும். ஆனால், அந்த இலுப்பையைத் தன் பெயரிலேயே சுமக்கும் ஊரின் திண்ணை ஒன்றில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அதே பழமொழி எனக்கு ஒரு விரதப் பாடமாகவே மாறிப்போனது.

அந்த ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் இலுப்பூர். பொன்வாசிநாதர் கோயில்கொண்டிருக்கும் தலம். இங்கிருந்து விராலிமலை, திருச்சி வழியாகச் சமயபுரம் மாரியம்மன் சந்நிதி 60 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். பங்குனி வெயிலில் மஞ்சள் புடவை கட்டி, பூத்தட்டு ஏந்தி நடந்தே போகிற பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் போனேன். எழுத வந்தவள் கற்றுக்கொண்டு திரும்பிய கதை இது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. 'இனிப்பு வேண்டாம், மைதா வேண்டாம், சோற்றைக் குறையுங்கள்' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தவரை மூன்று வாரங்கள் ஒழுங்காகத்தான் இருந்தேன். நான்காவது வாரம் ஒரு கும்பாபிஷேகத்துக்காக வெளியூர்ப் பயணம். தங்கிய வீட்டில் காலையில் கேசரி, மதியம் பாயசம், மாலையில் போண்டா. 'வெளியூருக்கு வந்த இடத்தில் என்ன பத்தியம் வேண்டிக்கிடக்கு?' என்று மனசு சமாதானம் சொன்னது. ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சமாதானம் என்னைவிட்டுப் போகவில்லை. பத்தியம் அதோடு நின்றுபோனது.

தோழியரே, உங்களில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை?

அம்மனே இருக்கும் விரதம்

நாம் கடவுளுக்காக விரதம் இருப்போம். சமயபுரத்திலோ அம்மனே நமக்காக விரதம் இருக்கிறாள்! மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு தொடங்கி, பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள்கள். 'பச்சைப் பட்டினி விரதம்' என்று அதற்குப் பெயர். மகிஷாசுரனை வதம் செய்த பாவம் நீங்கவும், உலகத்து உயிர்கள் நோய்நொடியின்றி வாழவும் அன்னை இந்த விரதத்தை மேற்கொள்வதாக ஐதிகம். அந்த 28 நாள்களும் அவளுக்குத் தளிகை நைவேத்தியம் கிடையாது. அடுப்பில் ஏறிய எதுவும் சந்நிதிக்குள் போகாது.

அப்படியானால் அவள் என்னதான் சாப்பிடுகிறாள்? துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான். துள்ளுமாவு என்பது பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைவது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை.

பக்தர்களும் அவரவர் குடும்ப வழக்கப்படி இந்த நாள்களில் விரதம் இருந்து, ஞாயிறுதோறும் பூத்தட்டு எடுத்துப் போய் அம்மனுக்குப் பூச்சொரிகிறார்கள். சித்திரைத் தேரோட்டத்துக்கும் கால்நடையாகவே போகிறவர்கள் உண்டு. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கிளம்பும் கூட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

பட்டினி அல்ல, பட்டியல்!

இலுப்பூரில் நான் சந்தித்த அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பல வருடங்களாகப் பத்துப் பதினைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு சமயபுரம் நடக்கிறார். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அக்காவுக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மாத்திரை. வீட்டிலும் பத்தியம், வழியிலும் பத்தியம்.

"எப்படிக்கா முடியுது? வழியெல்லாம் அன்னதானம் போடுவாங்களே!" என்றேன்.

"சோத்துக்கு ஏங்கி யாரும் விரதத்த விடுறதில்ல தங்கச்சி. ஆசையா நீட்டுற கையத் தட்ட முடியாமத்தான் விடுறோம்" என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! யோசித்துப் பாருங்கள். பயணத்தில் நம் பத்தியம் எங்கே உடைகிறது? பசியால் அல்ல. 'எங்க வீட்டுக்கு வந்துட்டு இதைச் சாப்பிடலேன்னா எப்படி?' என்கிற நாத்தனாரின் அன்பில் உடைகிறது. 'பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம்' என்கிற பயத்தில் உடைகிறது. 'ஊரைத் தாண்டிவிட்டால் கணக்கில்லை' என்கிற நம் சொந்தச் சமாதானத்தில் உடைகிறது. இந்த மூன்றையும் வெறும் வைராக்கியத்தால் வெல்வது கஷ்டம்.

அக்கா என்ன செய்கிறார் தெரியுமா? நடைபாதைப் பந்தலில் சர்க்கரைப்பொங்கலை நீட்டினால் 'வேண்டாம்' என்று சொல்வதே இல்லை. "மோர் இருக்கா ஆத்தா?" என்று கேட்கிறார். கொடுக்க வந்தவர்கள் ஓடிப்போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கும் மனசு நிறைகிறது. இவர் விரதமும் நிற்கிறது.

'வேண்டாம்' என்று தள்ளாதே, வேண்டியதைக் கேள். இந்த ஒரு வரிக்காகவே இலுப்பூர் போய்வரலாம் என்று தோன்றியது எனக்கு.

அம்மன் காட்டும் வழியும் இதுதானே? பெயர்தான் பச்சைப் பட்டினி. ஆனால், 'இதெல்லாம் எனக்கு ஆகாது' என்று அவள் சொல்லவில்லை. 'இன்னின்னது எனக்குப் போதும்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். என்ன கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தால் மனசு அதையே சுற்றிவரும். என்ன போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், மனசுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயாளிக்கு ஆகாத பானகமும் இருக்கிறது. ஆகக்கூடிய நீர்மோரும் இருக்கிறது. யாருக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் தாய்.

பானகமே மருந்தான கதை

இவ்வளவு தெளிவாக இருக்கும் அக்காவும் ஒருமுறை தவறு செய்தவர்தான். அதையும் அவரே சொன்னார்.

சில வருடங்களுக்கு முன்பு, 'ஆத்தா பட்டினி கிடக்கா, நான் மட்டும் தின்பதா?' என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நடந்திருக்கிறார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். விராலிமலை தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. கண் இருட்டியது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்தவர்கள் பானகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா வாயைத் திறக்கவே இல்லை! 'இனிப்பைத் தொட மாட்டேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன்' என்ற ஒரே பிடிவாதம்.

கூட்டத்தில் இருந்த அப்பத்தா ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதட்டினாராம்: "ஏடி, உன்னைச் சாகச் சொல்லியா அவ பட்டினி கெடக்கா? நீ நல்லா இருக்கணும்னுதானே கெடக்கா! குடிடி!"

அந்த அதட்டலில் அக்கா குடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. நீர்மோரும் இட்லியும் கொடுத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். "அந்த வருசம் நடந்து முடிக்கல தங்கச்சி. ஆனா, அந்த வருசம்தான் விரதம்னா என்னன்னு தெரிஞ்சுது" என்றபோது அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. என்னுடையவையும்தான்.

இது அக்காவின் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல் என்கிறது. நம் வீட்டு விரதங்களில் பலவும் இந்த நோயோடு சேர்ந்தேதான் நடக்கின்றன. மாத்திரையும் இன்சுலினும் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். சாப்பாடும் நின்றுபோனால் அது அளவுக்கு மீறி இறங்கிவிடும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ, குளுக்கோஸோ, இனிப்பான பானகமோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் முறை. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விரதத்தைக் கெடுக்காத எட்டு

'மருந்தாகச் சாப்பிட்டாலும் விரதம் முறிந்ததுதானே?' என்று சிலர் கேட்கலாம். இல்லை! நம் தர்ம சாஸ்திரங்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. விரதத்துக்குப் பங்கம் செய்யாதவை எட்டு என்று அவை கணக்கிடுகின்றன. நீர், கிழங்கு, கனி, பால், வேள்வியில் படைத்த உணவு, வேதம் ஓதுபவரின் விருப்பம், குருவின் வார்த்தை... எட்டாவதாக வருவது மருந்து!

பார்த்தீர்களா? மருந்தை விரதத்துக்கு எதிரியாக நம் பெரியவர்கள் ஒருபோதும் நினைக்கவில்லை. அன்று அந்த நெடுஞ்சாலையில் அக்கா குடித்த பானகம் மருந்து. அதட்டிக் குடிக்கவைத்த அப்பத்தாவின் சொல்லோ குருவின் வார்த்தை. எட்டில் இரண்டு அங்கேயே இருந்தன. விரதம் எங்கே முறிந்தது?

இதையே திருப்பியும் பார்க்கலாம். உயிர்காக்க ஒரு வாய் பானகம் குடிப்பது விரதமென்றால், உடம்பைக் காக்க ஒரு கிண்ணம் பாயசத்தை ஒதுக்குவதும் விரதம்தானே? மருத்துவர் சொன்ன பத்தியத்தை 'நோய்க்கு வந்த தண்டனை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதால்தான் பயணத்தில் அது நழுவிவிடுகிறது. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட விரதமாக நினைத்துப் பாருங்கள். தண்டனையிலிருந்து தப்பிக்கத் தோன்றும். நேர்த்தியிலிருந்து தப்பிக்கத் தோன்றாது.

கையில் இருப்பதே காணிக்கை

இலுப்பூரிலிருந்து கிளம்பும் யாத்திரையில் முதல் பெரிய தலம் விராலிமலை. மயில்கள் அகவும் குன்றின்மேல் ஆறுமுகனாக, மயில்மீது வள்ளி தெய்வானையோடு காட்சி தருகிறான் முருகன். இந்த ஆறுமுகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு வழிப்போக்கரின் கதையைச் சொல்வார்கள்.

கருப்பமுத்து என்ற பக்தர், புயலும் மழையுமான ஒருநாளில் மலைக்கு வரும் வழியில் சிக்கிக்கொண்டாராம். குளிரில் வாடி நின்ற இன்னொருவரும் அங்கே இருந்தார். கையில் கொடுக்க வேறொன்றும் இல்லாததால், தன்னிடமிருந்த சுருட்டையே அவருக்குக் கொடுத்திருக்கிறார் பக்தர். பிறகு சந்நிதிக்குப் போய்ப் பார்த்தால், முருகனின் முன்னால் அதே சுருட்டு!

சுருட்டு நல்லது என்று சொல்லவா இந்தக் கதை? இல்லவே இல்லை. வழியில் நிற்பவனிடம் வீட்டுப் படையலைக் கடவுள் எதிர்பார்ப்பதில்லை. கையில் இருப்பதை மனமாரக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறான் என்பதே இதன் சாரம். பயணத்தில் நம் விரதமும் அப்படித்தான். வீட்டில் செய்யும் கேழ்வரகு அடையும் கீரைக் கூட்டும் ரயிலில் கிடைக்காது. கிடைக்கும் மோரும் கொய்யாவும் கைப்பிடிக் கடலையும் போதும். ஆலை இல்லாத இடத்தில் அதுதான் இலுப்பைப்பூ!

தவறிவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் தவறத்தான் செய்யும். கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி உள்ளே போய்விடும். உடனே என்ன நினைக்கிறோம்? 'போச்சு! இனிமேல் ஊருக்குப் போய்த்தான் ஆரம்பிக்கணும்.' என் பத்தியமும் அப்படித்தான் போனது.

இதை அக்காவிடம் சொன்னதும் சிரித்தார். "நடக்கையில காலுல முள்ளு குத்துனா என்ன செய்வீங்க தங்கச்சி? பிடுங்கிப் போட்டுட்டு நடப்பீங்களா, இல்ல இலுப்பூருக்குத் திரும்பி வந்து மொதல்லேருந்து நடப்பீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல என்ன இருக்கிறது? தவறிய வேளையோடு தவறு முடிந்தது. அடுத்த வேளை புதிய வேளை. 'தாயே, தவறிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே நடக்கத் தொடங்க வேண்டியதுதான்.

பயணம் கிளம்பும் தோழியருக்கு...

இலுப்பூர் அக்காவின் வழக்கங்களோடு, மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கைகளையும் சேர்த்துத் தருகிறேன்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்ற வேண்டும். நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

* கிளம்பும் முன்பு சாமி படத்தின் முன்னால் ஒரு சீட்டில் எழுதுங்கள்: 'இந்தப் பயணத்தில் எனக்கு இவை போதும்.' ஐந்தாறு உணவுகள் இருந்தால் போதுமானது. சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* தங்கப்போகும் வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்து, 'எனக்கு ரெண்டு இட்லியும் கீரையும் போதும் அண்ணி' என்று சொல்லிவிடுங்கள். இலையில் உட்கார்ந்த பிறகு மறுத்தால்தான் மனஸ்தாபம்.

* கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் பெரியவர்களின் வழக்கம். அதை விடாதீர்கள். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெள்ளரிப்பிஞ்சு, நெல்லிக்காய் இவற்றில் ஒன்றாவது பையில் இருக்கட்டும். பசித்த பிறகு கடையைத் தேடினால் பஜ்ஜிதான் கண்ணில் படும்.

* வெல்லமும் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். 'வெல்லம்தானே' என்று பானகத்தையும் துள்ளுமாவையும் அளவில்லாமல் சாப்பிட வேண்டாம்.

* பிரசாதத்தை ஒருபோதும் மறுக்க வேண்டாம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டு, மீதியைப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுங்கள். அருளுக்கு அளவு கிடையாது. ஒரு பருக்கையிலும் முழுதாக இருக்கிறது.

* மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்சம் குளுக்கோஸையோ கற்கண்டையோ முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் யோசிக்காமல் வாயில் போடுங்கள். அது மருந்து, விரதபங்கம் அல்ல.

* சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நெடுந்தூரம் நடக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள்.

* தனியாக விரதம் காப்பதைவிடத் துணையோடு காப்பது எளிது. உங்கள் பத்தியம் என்ன, மாத்திரை என்ன என்று கூட வரும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

விடைபெறும்போது அக்கா இலுப்பைப்பூவைப் பற்றி ஒன்று சொன்னார். "அதை யாரும் மரமேறிப் பறிக்கிறதில்ல தங்கச்சி. ராத்திரியில தானா உதிரும். விடியக்காலையில எந்திரிச்சுப் போறவங்களுக்குத்தான் கெடைக்கும்."

இலுப்பை பூக்கும் பருவமும் இந்த மாசி, பங்குனி, சித்திரைதான். ஒரு பக்கம் ஆத்தா பச்சைப் பட்டினி கிடக்கிறாள்; இன்னொரு பக்கம் இலுப்பை இனிப்பை உதிர்க்கிறது. போகிற வழியெல்லாம் நமக்குப் போதுமானதை அவள் உதிர்த்துத்தான் வைத்திருக்கிறாள். விழித்திருந்து பொறுக்கிக்கொள்வது மட்டுமே நம் வேலை.

ஊர் திரும்பும் பேருந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றது. எண்ணெய்ச் சட்டியில் வடை பொரியும் வாசம். பரிமாறுபவர் வந்து, "என்ன சாப்பிடுறீங்கம்மா?" என்றார்.

"மோர் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

இருந்தது.

தாயே சமயபுரத்தாளே! ஊரெல்லாம் நலமாயிருக்க நீ உண்ணாமல் இருக்கிறாய். உன் பிள்ளைகளாகிய நாங்கள் எங்கள் உடம்பு நலமாயிருக்க உண்ண வேண்டியதை உண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளி, போகும் வழியிலும் உன் விரதத்தைக் காக்க அருள்புரிவாய். ஓம் சக்தி!